கெர்கினா வானத்தைப் பார்க்காத மாதம்

மார்ச் இருபதாம் தேதி. வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அந்த வெயிலில் கெர்கினா கறுப்புக் குடையை விரித்துப் புருவம் வரை தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தன் செருப்பு நுனியை மட்டும் பார்த்தபடி தபால் நிலையத்துக்கு நடந்தாள்.

"கெர்கினா அக்கா, மழையா பெய்யுது?" மளிகைக்கடை வாசலில் நின்று தோன்கா கத்தினாள்.

"தலைவலிடி. வெயில் ஆகல."

"தலைவலியா, நாரைவலியா?"

கடைக்குள் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு குடைத்துணியைத் துளைத்துக்கொண்டு வந்தது. கெர்கினா நடையை எட்டிப் போட்டாள். தலைக்கு மேலே, தபால் நிலையத்துக்கு எதிரேயிருந்த மின்கம்பத்தின் உச்சியில், யாரோ மரக்கரண்டிகளை ஒன்றோடொன்று தட்டுவது போல டக டக டகவென்று சத்தம் கேட்டது. செங்கால் நாரைகள் வந்து இரண்டு நாளாகிவிட்டது. ஊரே பார்த்துவிட்டது. அவள் மட்டும் பார்க்கவில்லை. காதால் கேட்டால் கணக்கில்லை. கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

அந்தக் கணக்குத்தான் அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

கெர்கினாவுக்கு வயது ஐம்பத்தொன்று. மரித்சா ஆற்றுச் சமவெளியில் இருக்கும் தொபோல்கா கிராமத்தின் தபால் நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக அவள்தான் அதிகாரி, அவள்தான் குமாஸ்தா, அவள்தான் தபால்காரி. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வெலிசார் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனான். இரண்டாவது பருவத்தில் அங்கே பறித்தது பழத்தை மட்டுமல்ல என்று தெரிந்தது. விவாகரத்துக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. அதைப் பையிலிருந்து எடுத்து முத்திரை குத்தியவள் கெர்கினா. வீடு வரை சுமந்துபோனவள் கெர்கினா. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, பட்டுவாடா செய்தவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து. இரண்டையும் போட்டுவிட்டு, இரண்டாவது கையெழுத்தில் ஓர் எழுத்து கோணிவிட்டதே என்றுதான் அவள் அன்றைக்கு அழுதாள்.

ஓடிப்போனவனுடைய தாய் நேதா தனியாக நின்றாள். கெர்கினா அவளை விட்டுப் போகவில்லை. மாமியாரும் மருமகளுமாக, நடுவில் இருக்கவேண்டியவன் இல்லாமலே, பதினாறு வருஷம் ஒரே அடுப்பில் அவரைக்கொட்டை சூப்பு காய்ச்சிக் குடித்தார்கள். ஊர் அவளுக்குத் தியாகி என்று பட்டம் கொடுத்தது. தியாகிப் பட்டத்தில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டால், 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று அப்புறம் ஒருவரும் கேட்பதில்லை.

ஒருவரும் கேட்கவில்லை என்பதற்கு அவள் மணிக்கட்டே சாட்சி.

மார்ச் முதல் நாள் தொபோல்காவில் ஒருவர் மணிக்கட்டில் இன்னொருவர் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் கட்டுவார்கள். மார்த்தெனித்சா என்பது அதன் பெயர். ஆரோக்கியம், அதிர்ஷ்டம், கல்யாணம் எல்லாம் அந்த நூலின் பொறுப்பு. முதல் நாரையைப் பார்க்கிற அன்று அதை அவிழ்த்துப் பழமரக் கிளையில் கட்டிவிட வேண்டும். கத்தரிக்கோல் படக்கூடாது. முக்கியமாக, யாரும் தனக்குத்தானே கட்டிக்கொள்ளக்கூடாது. கட்டுவது அடுத்தவர் கையாக இருக்க வேண்டும்.

கெர்கினா ஒவ்வொரு பிப்ரவரியிலும் இருநூறு நூல் முறுக்குவாள். பிள்ளைகளின் சட்டையில் குத்த, சிவப்புப் பெண்ணும் வெள்ளை ஆணுமாகக் கம்பளிப் பொம்மை ஜோடிகளும் செய்வாள். முதல் தேதி காலையில், தபால் நிலையத்துக்கு வருகிற ஒவ்வொரு கைக்கும் அவளே கட்டிவிடுவாள். அந்தக் கடிதம் வந்த வருஷம், பதிலுக்கு அவள் கையில் கட்ட ஒருவரும் துணியவில்லை. புருஷன் விட்டுப்போனவளுக்கு அதிர்ஷ்டம் கட்டுவது வழுக்கைத் தலையனுக்குச் சீப்பு கொடுப்பது போல ஆகிவிடுமோ என்று ஊர் கூசியது. வருஷா வருஷம் தவறாமல் கட்டிவிடும் மாமியார்கூட அந்த வருஷம் கட்டவில்லை. தன் பிள்ளை போனதற்கு என்மேல்தான் கோபம் என்று கெர்கினா எடுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. வெறுங்கையோடு ஏப்ரல் வரை இருந்தாள்.

மறுவருஷம் அவள் புத்திசாலியாகிவிட்டாள். பிப்ரவரியின் கடைசி நாள், கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து நூலைத் தானே இடது கையில் கட்டிக்கொண்டாள். ஒரு முனை வலது கையில், மறுமுனை பல்லில். காலையில் வந்தவர்கள் பார்த்தார்கள். "அடேயப்பா, கை நிறைஞ்சு கெடக்கே! இனி எங்கே கட்டுறது?" என்று நிம்மதியாகப் போனார்கள். பரிதாபத்திலிருந்து தப்பித்துவிட்டாள். கூடவே, ஒருவேளை கட்டியிருக்கக்கூடிய பத்துப் பேரிடமிருந்தும் தப்பித்துவிட்டாள். பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று.

இந்த வருஷம் முதல் தேதியும் அப்படித்தான் விடிந்தது. எண்பத்தொரு வயது நேதா வழக்கம்போல வீட்டுக்குள் இருந்தாள். மார்ச் மாதம் என்பது தொபோல்காக்காரர்களுக்கு மாதமல்ல, ஒரு கிழவி. மார்த்தாக் கிழவி. அவளுக்கு இளம்பெண்களைக் கண்டால் சிரிப்பு. தன்னைப் போன்ற இன்னொரு கிழவியைக் கண்டால் ஆகாது. அவள் வரும் முதல் நாளில் வயசானவள் எவளாவது வெளியே தலைகாட்டினால், கோபத்தில் மாதக் கடைசியிலாவது பனியைக் கொட்டிவிடுவாள். அதனால் கிழவிகள் அன்று வாசற்படி தாண்டுவதில்லை. கெர்கினா வேலைக்குக் கிளம்பும்போது மாமியாரின் செருப்பு ஈரமாக இருந்தது. முற்றத்தில் விறகெடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மெத்தோதி வந்தான். ஐம்பத்தெட்டு வயது. மின்சாரக் கம்பெனியில் லைன்மேன். மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம். எதிர்க் கம்பத்தின் உச்சியில் கம்பிக்கு மேலே இரும்புத் தட்டு பொருத்தி, நாரைகள் கூடு கட்டும்போது ஷாக் அடிக்காமல் காப்பாற்றியவன் அவன்தான். மாதம் ஒரு தடவை வந்து ஒரே ஒரு தபால்தலை வாங்குவான். 'வானிலை பரவாயில்லை' என்பான். போய்விடுவான்.

கெர்கினா அவன் கையில் நூலைக் கட்டினாள். அவன் போகவில்லை. அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்பத்தில் தொங்கி முப்பது வருஷம் முடிச்சுப் போட்டவனுக்கு முடிச்சைப் பற்றித் தெரியாதா?

"அஞ்சு பேர் கட்டியிருக்காங்க போல," என்றான்.

"ஆமா. ஏன்?"

"அஞ்சு பேருமே பல்லால கட்டியிருக்காங்களே. அதுவும் ஒரே சாயம் பூசின உதடு."

வரிசையில் நின்ற தோன்காவின் காது விறைத்தது. கெர்கினாவின் முகம் நூலின் சிவப்புப் பாதியாகி, உடனே வெள்ளைப் பாதியாகியது.

மெத்தோதி சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தான். அதை மார்த்தெனித்சா என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். சிவப்பு, அவன் ஸ்வெட்டர் முழங்கையிலிருந்து பிரித்தது. வெள்ளை, காலுறையிலிருந்து பிரித்தது. ஒன்று கயிறு மாதிரித் தடியாக, இன்னொன்று தலைமுடி மாதிரி. அந்த ஐந்தையும் மேலே தள்ளிவிட்டு, அதை அவள் கையில் கட்டி, ஒரு விசித்திரமான முடிச்சுப் போட்டான்.

"இது லைன்மேன் முடிச்சு. ஒத்தைக் கையால அவிழ்க்க வராது. பல்லாலயும் வராது. கெர்கினா, நான் பன்னெண்டு வருஷமா தபால்தலை வாங்கறேன். எனக்குக் கடுதாசி எழுத ஒரு ஆள் கிடையாது." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நான் கேக்கிறது என்னன்னு உங்களுக்குப் புரியும். இப்ப பதில் சொல்ல வேண்டாம். நாரையைப் பாத்து இதை அவிழ்க்கிற அன்னிக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சரி," என்றாள் கெர்கினா. வேறு என்ன வார்த்தை இருக்கிறதென்று அந்த நிமிஷம் அவளுக்கு நினைவு வரவில்லை.

தோன்கா தான் வந்த காரியத்தையே மறந்து வெளியே ஓடினாள். பதினோரு மணிக்குள் ஊரில் நாய்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கெர்கினாவுக்கு வேண்டாம் என்றிருந்தால் இத்தனை பாடு இல்லை, அன்றைக்கே சொல்லியிருப்பாள். வேண்டும் என்றிருந்ததுதான் வினை. இரவுச் சாப்பாட்டில் மாமியாரின் சுருங்கிய கைகளைப் பார்த்தாள். 'பெத்த பிள்ளையும் போய்ட்டான்; நானும் போய்ட்டா இந்தக் கிழவி யார் முகத்தைப் பாக்கும்?' ஆமாம் என்று சொன்னால் துரோகி. இல்லை என்று சொல்ல நாக்கு வராது. அப்போதுதான் அவளுக்குச் சட்டத்தின் ஓட்டை தெரிந்தது. மார்ச் முடிந்தால், நாரை வந்தாலும் வராவிட்டாலும் நூலைக் கழற்றியாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவர்கள் பேச்சோ 'நாரையைப் பார்த்தால்' என்பது. பார்க்காமலே மாதம் முடிந்துபோனால்? பதில் சொல்லும் கடமையே இல்லை!

அதனால்தான் குடை.

தபால் நிலைய ஜன்னல் கண்ணாடியில் பழைய அறிவிப்புத் தாள்களை ஒட்டினாள். அலகுச் சத்தத்துக்கு எதிராக ரேடியோவைக் கூட்டி வைத்தாள். வீட்டுக்கு வந்தால் ஜன்னல்களில் ஏற்கெனவே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. "கண்ணு கூசுது, பொண்ணே," என்றாள் நேதா. கெர்கினாவுக்குப் புரிந்துவிட்டது. பாவம், மாமியாருக்கு நான் போய்விடுவேனோ என்று பயம். நாரையை என் கண்ணில் படாமல் மறைக்கிறாள். அவள் உறுதி இன்னும் இறுகியது.

தோன்கா விடவில்லை. கைபேசியில் நாரையைப் படமெடுத்து வந்து கெர்கினாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாத்தாச்சு! பாத்தாச்சு! பதில் சொல்லு!" படம் கணக்கில் சேருமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிரியாரிடம் போனார்கள். இந்த நூல் விவகாரமெல்லாம் திருச்சபைக்குத் தெரியாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, படம் செல்லாது என்று தீர்ப்பும் கொடுத்தார். அவர் மணிக்கட்டில் மூன்று நூல் இருந்தது.

மெத்தோதி சொன்ன சொல் தவறவில்லை. தினமும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு தபால் நிலையத்தைத் தாண்டிப் போனான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"மெத்தோதி அண்ணே," என்று தோன்கா வம்புக்கு இழுத்தாள். "கூட்டுக்குத் தட்டு மாட்டினது நீ. ஜோடி சேந்தது நாரை. உனக்கு மிஞ்சினது என்ன, ஏணியா?"

"ஏணி நல்ல ஏணிதான் தோன்கா," என்றான் அவன்.

இப்படியே இருபத்தெட்டு வந்தது. இன்னும் மூன்றே நாள். கெர்கினாவின் முற்றத்தில் பிளம்ஸ் மரம் வெள்ளையாகப் பூத்து நின்றது. பூத்த மரத்தைப் பார்த்தாலும் நூலைக் கழற்றலாம் என்பது வழக்கம்தான். ஆனால் பேச்சில் மரம் வரவில்லை என்று அவள் மரத்தைத் தைரியமாகப் பார்த்தாள். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. ஜெயிக்கிறவளுக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி நண்பகலில் மார்த்தாக் கிழவிக்குப் பைத்தியம் பிடித்தது. முதலில் ஈரக்காற்று. பிறகு மழை. மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. அதன்மேல் பனி கொட்டியது. பிளம்ஸ் மரத்தில் எது பூ, எது பனி என்று தெரியவில்லை. கெர்கினா தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு, பின்னாலேயே இருந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். தெருவில் ஆட்கள் போர்வைகளோடு அலைந்தார்கள். சிறகு உறைந்து பறக்க முடியாமல் நாரைகள் வயலிலும் சாலையிலும் விழுந்து கிடந்தன. கிடைத்ததைத் தூக்கி, கிடைத்த வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கெர்கினா ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேலியைத் தடவி வந்து சேர்ந்தாள்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளியபோது கதவை யாரோ காலால் உதைத்தார்கள். நேதா திறந்தாள்.

பனியில் பாதி மனிதனும் பாதி பொம்மையுமாக மெத்தோதி நின்றான். அவன் கோட்டு அவன்மேல் இல்லை. கைகளில் ஒரு மூட்டையாக இருந்தது. மூட்டையிலிருந்து இரண்டு நீண்ட சிவப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நம்ம கம்பத்து நாரை," என்றான் மூச்சிரைக்க. "சிறகு ஐஸ் ஆயிடுச்சு. எரியிற அடுப்பு இங்கதான் பக்கத்துல..." உள்ளே ஓரடி வைத்தவன், கெர்கினாவைக் கண்டதும் பாம்பை மிதித்தவன் போலக் கத்தினான்: "கெர்கினா, திரும்பிக்கோங்க! பாக்காதீங்க! சத்தியமா இதுக்காக நான் கொண்டுவரல!"

கெர்கினா சடாரென்று சுவரைப் பார்த்துத் திரும்பினாள். மனிதர்களில் இப்படியும் ஒரு மடையன் உண்டா! குளிரில் பல் கிட்டித்து நிற்கும்போதும், அவள் ஏமாற்றுவதற்கு வசதி செய்துகொடுக்கிறான்.

"துண்டு கொண்டா பொண்ணே!" என்றாள் நேதா.

கெர்கினா பின்பக்கமாகவே நடந்து அலமாரிக்குப் போனாள். முக்காலியில் இடித்தாள். துண்டைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள்.

"வெந்நீர்!"

மறுபடி பின்னடை. ஊறுகாய் ஜாடி உருண்டது.

"கொஞ்சம் இடதுபக்கம் வாங்க," என்றான் மெத்தோதி. அவனும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவன் எதற்கு மூடினான் என்பது அவனுக்கே தெரியாது.

நேதாவின் பொறுமை அத்தோடு முடிந்தது. கையிலிருந்த துண்டைத் தரையில் அடித்தாள்.

"என் வீடு என்ன சர்க்கஸ் கூடாரமா? ஒருத்தி முதுகைக் காட்டிட்டு நடக்கிறா, ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறான், புத்தியோட இருக்கிறது இந்தப் பறவை ஒண்ணுதான்! கெர்கினா, உனக்கு அவனைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லித் தொலை. நானும் பத்து நாளா இருட்டுல உக்காந்திருக்கேன்!"

"நான் எங்கத்தே பிடிக்கலைன்னேன்?" சுவரைப் பார்த்தபடியே கெர்கினா சொன்னாள். "நீங்கதானே திரையை மூடுனீங்க? நான் போயிடுவேன்னு..."

"நானா? வெயில்ல குடை பிடிச்சவ நீ! உனக்கு இஷ்டமில்ல போல, நாம ஏன் தள்ளி விடணும்னு உனக்காக மூடினேன். நீ போயிடுவேன்னு பயந்திருந்தா நானே போயி இவனை அனுப்பி வெச்சிருப்பேனா?"

"நீங்களா?"

"நான்தான். முதல் தேதி, விடியறதுக்கு முன்னால. 'டேய், கட்டை மாதிரி தபால்தலை வாங்கிட்டே சாகப்போறியா? போயி என் மருமக கையைப் பாரு, எல்லா முடிச்சும் அவ பல்லால போட்டது'ன்னு சொல்லிட்டு வந்தேன். பதினஞ்சு வருஷமா கதவிடுக்குல பாக்கிறேன், என் ரெண்டு கண்ணால." நேதா ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "எண்பத்தொரு வயசுக் கிழவி முதல் தேதி தெருவில இறங்கினா, மார்த்தா சும்மா விடுவாளா? பாரு, கொட்டுறா. இந்தப் பனி என்னால வந்தது. வெளியில சொல்லிடாதீங்க, வயல்காரன் அடிக்க வருவான்."

"நீங்களே கட்டியிருக்கலாமே அத்தே," என்றாள் கெர்கினா. பதினாறு வருஷம் கேட்காத கேள்வி, சுவரைப் பார்த்துத்தான் வெளியே வந்தது. "ஏன் கட்டல?"

கிழவியின் குரல் இறங்கிப்போனது. "நான் பெத்ததை உன் தலையில கட்டுனேன். அது விளங்குன லட்சணத்துக்கு, இன்னொரு தடவை இந்தக் கையால உனக்கு எதைக் கட்டுறது?"

கெர்கினா திரும்பினாள். யாரையும் கேட்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. அடுப்புக்கு முன்னால், மெத்தோதியின் கோட்டுக்குள்ளிருந்து நாரை கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். கண்ணீர் மறைத்ததால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை, கணக்குக்குக் குறைவில்லாமல் பார்த்தாள். இந்த மகத்தான தருணத்துக்கு நாரை தன் பங்கைச் செய்தது: கம்பளத்தின்மேல் எச்சமிட்டது.

"பறக்கிற நாரையை முதல்ல பாத்தா ஊர்சுத்தல், நிக்கிறதைப் பாத்தா வீட்டோட சோம்பல்," என்று முணுமுணுத்தான் மெத்தோதி. "இது உக்காந்துல்ல இருக்கு?"

"உக்காந்தா, வந்த வீட்டுல தங்கப்போறான்னு அர்த்தம்," என்றாள் நேதா. அப்படி ஒரு சாஸ்திரம் அதுவரை எங்கும் இருந்ததில்லை. "நான் செத்தாலும் என் அடுப்பை விட்டு வரமாட்டேன். இவளையும் அனுப்பமாட்டேன். இஷ்டம்னா நீ இங்க வா."

வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே தொபோல்காவில் கோழிகூடச் சிரிக்கும். அதுவும் மனைவியின் பழைய புருஷனுடைய தாய் வீட்டில்! மெத்தோதி பயந்துபோய்க் கெர்கினாவைப் பார்த்தான். அவள் இடது கையை அவன் முன்னால் நீட்டியிருந்தாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்றுதான் பொருள்.

விறைத்த விரல்களால் தன் முடிச்சை அவிழ்க்க அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பாதியில் நேதாவும் ஒரு கை கொடுத்தாள்.

"என் ஏணியை எங்கே வெக்கிறது?" என்று கேட்டான் அவன்.

பனி இரண்டு நாளில் கரைந்தது. நாரை, உறைபெட்டியிலிருந்த மீனையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, நன்றி என்ற ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கம்பத்துக்குத் திரும்பியது. பிளம்ஸ் மரத்தில் ஸ்வெட்டரும் காலுறையுமான அந்த நூல் தொங்கியது. "மார்த்தெனித்சாவா, துணி காயுதா?" என்று தோன்கா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டுப் போனாள். மே மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தாயாக நிற்பதா, பெண்ணுக்குத் தாயாக நிற்பதா என்று பாதிரியார் கேட்டதற்கு, "நடுவுல நிக்கிறேன், நகருங்க," என்றாள் நேதா.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், தபால் நிலையம் திறந்ததும் மெத்தோதி வந்து வரிசையில் நின்றான். அன்று அவன் தபால்தலை கேட்கவில்லை. ஒரு பெரிய பழுப்பு உறையை நீட்டினான். முன்னும் பின்னும், ஓரம்கூட விடாமல், பன்னிரண்டு வருஷத் தபால்தலைகளும் அதில் ஒட்டியிருந்தன.

கெர்கினா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முகவரி எழுத இடமே இல்லையே?"

"முகவரி எதுக்கு?" என்றான் அவன். "நீதானே கொண்டுபோற."

அவள் முத்திரையை எடுத்து ஒவ்வொரு தபால்தலைமேலும் குத்தினாள். நூற்று நாற்பத்து நான்கு குத்து. வரிசையில் நின்றவர்கள் கால் வலிக்கிறது என்று திட்டினார்கள். பிறகு பதிவேட்டைத் திறந்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்தும், பட்டுவாடா செய்தவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டாள். இந்தத் தடவை ஓர் எழுத்தும் கோணவில்லை.